வாட்டசாட்டமான பவர் சப்ளை

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, மடித்துக்கொண்டிருந்த தலையணை உறையைத் தரையில் வீசிவிட்டு, நான் ஒரு சபதம் எடுத்தேன். இனி என் கம்ப்யூட்டர் நடுவில் அணையாது. அணைய விடமாட்டேன்!

பிறகு குனிந்து, உறையை எடுத்து, தூசி தட்டி, மறுபடி மடித்தேன். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பகலில் நான் சாதாரண ஆள். தண்ணீர் மீட்டர் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிறேன். மீட்டரில் தண்ணீரை விட்டு, முள் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்து, முத்திரை குத்த வேண்டும். முள்ளோடு சேர்ந்து என் தலையும் சுற்றும். மாலையில்தான் நான் யார் என்பது வெளிவரும். மாலையில் நான் படைத்தலைவன். எனக்குக் கீழே மூன்று வீரர்கள். கம்பெனியின் கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர், பேக்கிங் பிரிவுக்காரர் ஒருவர், மூன்றாவது என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. நாலு பேரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே ஆன்லைனில் கோட்டை பிடிப்போம். இதுவரை நிறையக் கோட்டைகளை விட்டிருக்கிறோம். ஆனாலும் அந்த வருடப் போட்டியில் எப்படியோ அரையிறுதி வரை வந்து சேர்ந்திருந்தோம். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஆட்டம்.

அதற்காகத்தான் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினேன். என்ன கார்டு! மூன்று விசிறி. செங்கல் கனம். மாட்டிய அன்று திரையில் ஒரு புல் ஆடியது. அதன் நிழலும் ஆடியது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

ஆனால் ஒரு கோளாறு. ஆட்டத்தில் சும்மா நடந்தால் ஓடும். பேசினால் ஓடும். கோட்டை வாசலில் நின்று, "தாக்குங்கடா!" என்று நான் கத்தி, நாலு பக்கமும் வெடி வெடித்து, திரை முழுக்க நெருப்பு பறக்கும் அந்த உன்னதமான கணத்தில், டப்! இருட்டு. திரையில் கோட்டை போய், வாயைப் பிளந்த என் முகம் மட்டும் தெரியும்.

படைத்தலைவன் படைக்கு நடுவே மாயமாகி விடுவான். மச்சினன் எனக்கு 'மின்வெட்டு மாமா' என்று பெயர் வைத்தான். கணக்குப் பிரிவுக்காரர் மறுநாள் ஆபீஸில் என்னைப் பார்த்ததும் சுவரில் இருந்த சுவிட்சை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

இதில் மனம் கலங்காத ஒரே ஜீவன் என் மனைவி. 'டப்' சத்தம் கேட்ட அடுத்த நிமிடம் கதவருகே வந்து நிற்பாள். கையில் துணிக்கூடை இருக்கும்.

"அணஞ்சிடுச்சா?"

"ஆமாம்மா."

"நல்லதாப் போச்சு. இத மடிச்சு வெச்சிடுங்க."

திங்கட்கிழமை அணைந்தபோது பாத்திரம். ஞாயிற்றுக்கிழமை அணைந்தபோது திரைச்சீலைக் கொக்கி. அதற்கு முந்தின நாள் இரண்டு தடவை அணைந்தது. குளியலறையும் மாடிப்படியும் சுத்தமாயின.

"இதுல ஏதோ கோளாறு இருக்கும்மா," என்றேன் அந்தச் செவ்வாய்க்கிழமை, மடித்த தலையணை உறையை அடுக்கியபடி.

"கோளாறு ஒண்ணுமில்லீங்க. அதுக்குப் பொறுப்பு வந்திருக்கு."

"பவர் சப்ளை பத்தல."

"எங்க? நம்ம வீட்லயா?"

நல்ல கேள்வி. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை பவர் அவளுடையது, சப்ளை என்னுடையது. அதில் இதுவரை பற்றாக்குறை வந்ததில்லை. நான் சொன்னது சிபியுவுக்குள் இருக்கும் பெட்டியை. வீட்டு மின்சாரத்தை வாங்கி, உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் பங்கு வைத்துக் கொடுப்பது அதுதான். என்னுடையது நானூற்றைம்பது வாட். வாங்கும்போது எனக்கு முன்தலையில் முடி இருந்தது. அவ்வளவு பழசு.

அவளுக்குப் புரியும்படி விளக்கினேன்.

"இப்ப பாரு, வீட்ல ஒரு பயில்வானைக் கொண்டாந்து குடி வெச்சிருக்கோம். கார்டுதான் பயில்வான். சண்டை போட்டா அவனுக்குப் பசி எடுக்கும். ஆனா சமையல்காரன் பழைய ஆளு. ஒரே நேரத்துல அவ்வளவு போட முடியல. கரண்டியத் தூக்கிப் போட்டுட்டுப் படுத்துடறான்."

"அப்ப பயில்வானைக் கொஞ்சம் அளவா சாப்பிடச் சொல்லுங்க."

கார்டு இழுக்கும் வாட்டைக் குறைத்து வைக்க நிஜமாகவே ஒரு வசதி இருக்கிறது. அதை அவளிடம் சொல்ல நான் என்ன பைத்தியமா?

"அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா," என்றேன், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு. "வேற பவர் சப்ளைதான் வழி."

"வேற செலவே இல்லையா நமக்கு?" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று இரவு முழுக்க யோசித்தேன். பெரிய யோசனை. தண்ணீர் மீட்டர்கள் எதிரே சும்மா சுற்றிக்கொண்டிருக்க, புதன்கிழமை காலையிலும் யோசித்தேன். வழி தானாகவே வீடு தேடி வந்தது.

என் மனைவி சமையலறை வடிவமைப்பவள். அலமாரி எங்கே, அடுப்பு எங்கே, தொட்டி எங்கே என்று வரைந்து, அதை நிஜப் புகைப்படம் மாதிரி கம்ப்யூட்டரில் செய்து காட்டுவாள். அப்படிப் படமாக ஓட விடுவதை அவர்கள் தொழிலில் 'ரெண்டர் போடுவது' என்பார்கள். ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் ஒரே ஒரு படம் வெந்து வருவதற்குள் சமையலறையையே கட்டி முடித்துவிடலாம். புதன்கிழமை மாலை அந்த லேப்டாப் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஞாயித்துக்கிழமை காலையில ஒரு பெரிய பார்ட்டி வராங்க. மூணு மாடி வீடு. மாடிக்கு ஒரு கிச்சன். இன்னொரு கம்பெனியும் போட்டிக்கு நிக்குது. உள்ள நடந்து போற மாதிரி வீடியோ காட்டினா வேலை எங்களுக்குத்தான். ஆனா இந்த லேப்டாப்புல போட்டா அடுத்த ஞாயித்துக்கிழமைதான் வரும்."

என் நெஞ்சுக்குள் வெடி வெடித்தது. நெருப்பு பறந்தது. ஆனால் நான் அணையவில்லை.

"ஏம்மா, என் சிஸ்டத்துல போட்டா?"

"உங்க சிஸ்டத்துலயா?"

"அந்தக் கார்டுக்கு இதெல்லாம் தூசு! ஒரு நாள்ல முடிச்சுக் குடுத்துடும். என்ன, முழு வேகத்துல ஓடினா அணஞ்சிடும். பவர் சப்ளை மட்டும் மாத்திட்டா..." வாக்கியத்தை முடிக்காமல், பெருமூச்சு ஒன்றை விட்டு ஜன்னலைப் பார்த்தேன். அருமையான பெருமூச்சு.

அவள் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். "எனக்காகவா வாங்கறீங்க?"

"உனக்காகத்தான்!"

"நிஜமா?"

"உனக்காகத்தாம்மா! எனக்கென்ன, நான் துணி மடிச்சுட்டுக் கிடப்பேன்."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"உனக்காகவே உனக்காக!"

"சரி," என்றாள். "நாளைக்கு சாயங்காலம் கடைக்குப் போலாம். நானும் வரேன்."

சம்மதம் கிடைத்துவிட்டது! குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன். குழாயைத் திறந்துவிட்டுக் குதித்தேன், சத்தம் கேட்காமல் இருக்க.

ஆனால் 'நானும் வரேன்' என்றது உறுத்தியது. ஏனென்றால் என் மனதில் ஏற்கெனவே ஒன்று குடியேறியிருந்தது. ஆயிரத்து இருநூறு வாட். வாட்டசாட்டம் என்றால் அதுதான் வாட்டசாட்டம். பக்கவாட்டில் வண்ண விளக்கு வேறு எரியும். சிபியுவுக்குள் எங்கோ ஒரு மூலையில் அது எரிவதை யார் பார்ப்பார்கள் என்று கேட்காதீர்கள். நான் பார்ப்பேன்.

கடை சின்னது. சுவர் முழுக்க அட்டைப்பெட்டி. கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "என்ன கார்டு?" என்றார். சொன்னேன். "பிராசஸர்?" அதையும் சொன்னேன், மகனின் மதிப்பெண்ணைச் சொல்லும் அப்பன் மாதிரி.

"ஆயிரத்து இருநூறு வாட் இருக்கா?" என்றேன் கம்பீரமாக.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்ல வெல்டிங் வேலை ஏதாவது நடக்குதா சார்?"

மனைவி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இதெல்லாம் சேர்ந்து எவ்வளவுங்க இழுக்கும்?" என்று அவள் கேட்டாள்.

"கார்டு முந்நூறு, பிராசஸர் ஒரு நூத்தம்பது, மத்த சில்லறை எல்லாம் அம்பதுன்னு வைங்க. ஐநூறு."

"அப்ப ஐநூறு வாட் வாங்கினாப் போதும்?"

"போதாதும்மா. கார்டு இருக்கே, சண்டை சூடு பிடிச்சா கண்ணு மூடித் தொறக்கற நேரத்துக்கு ரெண்டு மடங்குகூட இழுக்கும். அந்த இழுப்புக்கு ஈடு குடுக்க முடியாமத்தான் பழசு படுத்துக்குது. கொஞ்சம் மூச்சு விட இடம் வேணும். எழுநூத்தம்பது போதும். ஆனா நல்லதா இருக்கணும். மேல ஆயிரம்னு எழுதிட்டு உள்ள பாதிகூடத் தராத பெட்டியும் விக்குது."

"விளக்கு எரியுமா?" என்றேன்.

"பட்டனைப் போட்டா திரை எரியும் சார். அது போதாதா?"

மனைவி பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முழு வேகத்துல நிறுத்தாம ஓடினா தாங்குமா? ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம்?"

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன். வாங்கவைத்துவிட வேண்டும் என்ற வேகம்!

"மூணு மணி நேரமா? நாள் முழுக்க ஓடட்டும்மா! விடிய விடிய ஓடட்டும்! இது அசையாது!"

"சார் சொல்றது சரிதான்," என்றார் கடைக்காரர். "இது நிக்காது."

"ரொம்ப நல்லது," என்றாள் அவள். அந்த 'ரொம்ப' கொஞ்சம் நீளமாக இருந்தது. உற்சாகத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

கிளம்பும்போது கடைக்காரர் என் தோளைத் தட்டி, "பழைய ஒயரை இதுல சொருகிடாதீங்க. பாக்க ஒரே மாதிரி இருக்கும், உள்ள வேற. எல்லாம் போயிடும்," என்றார். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

மாட்டியது ஒரு வீரக் கதை. பழசைக் கழற்றினேன். தூசி ஒரு முழுப் பூனை அளவுக்கு வந்தது. புதுசை உள்ளே தள்ளி, நாலு திருகு முடுக்கி, தடித்த ஒயர் ஒன்று, கார்டுக்கு ஒன்று, பிராசஸருக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாய்ச் சொருகினேன். விரல் நுனியில் இரண்டு இடத்தில் தோல் போனது. படைத்தலைவனுக்கு இதெல்லாம் சகஜம். மனைவி டார்ச் பிடித்தாள்.

"தள்ளி நில்லும்மா," என்றேன். மூச்சை இழுத்தேன். பட்டனை அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினேன். மறுபடியும் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. ஒயரை மாற்றிச் சொருகிவிட்டேனோ? கார்டு போய்விட்டதோ? என் புல், அதன் நிழல், எல்லாம் போயிற்றோ? தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்தேன்.

"ஏங்க, பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கே. அது எதுக்கு?"

"அது... அது பொதுவா இருக்கறதும்மா."

"போடணுமா?"

அவளே போட்டாள். மூன்று விசிறிகளும் சுழன்றன. திரை ஒளிர்ந்தது. நான் எழுந்து, "அதைத்தான் அடுத்ததா போடலாம்னு இருந்தேன்," என்றேன். அவள் பெருந்தன்மையாக டார்ச்சை அணைத்தாள்.

அன்று ஆடினேன் பாருங்கள்! கோட்டை வாசலில் நின்றேன். "தாக்குங்கடா!" என்றேன். வெடி, நெருப்பு, புகை, மறுபடி வெடி! அணையவில்லை! திரும்பிப் போய் இன்னொரு தடவை வெடித்தேன். அணையவில்லை! கதவருகே துணிக்கூடையும் வரவில்லை. இரண்டு மணி நேரம், ஒரு சிணுங்கல்கூட இல்லை.

"மாமா, சனிக்கிழமையும் இப்படியே இருக்குமா?" என்றான் மச்சினன் ஹெட்செட்டில்.

"என் மூச்சு நின்னாலும் இது நிக்காதுடா!"

"மின்வெட்டு மாமாங்கற பேர வாபஸ் வாங்கிக்கறோம் மாமா."

மார்பு விரிந்தது. சட்டைப் பட்டன் ஒன்று நிஜமாகவே தெறித்தது. அது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பட்டன் என்பாள் மனைவி.

சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. வரும் வழியில் பிஸ்கட் பாக்கெட் வாங்கினேன். ஹெட்செட்டின் காதுப் பஞ்சைக்கூடப் புதுசாக மாற்றிக்கொண்டு, மனதுக்குள் முரசு கொட்டியபடி வீட்டுக்குள் நுழைந்தேன்.

என் அறையிலிருந்து விசிறிச் சத்தம். என் நாற்காலியில் என் மனைவி. என் திரையில் ஒரு சமையலறை.

"வாங்க வாங்க," என்றாள் முகமெல்லாம் மலர்ச்சியாக. "எவ்வளவு அழகா ஓடுது தெரியுமா! காலையிலேர்ந்து ஒரு தடவகூட அணையல. ரெண்டு மாடி முடிஞ்சிடுச்சு. இது மூணாவது. இதுதான் பெரிசு."

"எப்ப முடியும்?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஏழு மணிக்குள்ள முடிஞ்சிடும்னு நினைக்கறேன்."

"ஏழு மணிக்கு எனக்கு அரையிறுதிம்மா!"

"அதுக்குள்ள முடிஞ்சிடும்ங்க. பதறாதீங்க."

"கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சுட்டு, அப்புறமா..."

"நிறுத்தினா இந்த மாடி முதல்லேர்ந்து ஓடணும். நாளைக்குக் காலையில அவங்க வராங்க." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து மெல்லச் சொன்னாள். "எனக்காகத்தானே வாங்கினீங்க?"

பிஸ்கட் பாக்கெட்டை மேஜையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

திரையின் ஓரத்தில் ஒரு கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. ஆறு மணி ஆயிற்று. கோடு முக்கால்வாசியைக்கூடத் தாண்டவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக, அந்தக் கம்ப்யூட்டர் ஒரே ஒரு தடவை அணையாதா என்று ஏங்கினேன். அணையவில்லை. எழுநூற்றைம்பது வாட்டும் என்னை வாட்டின.

அப்போதுதான் என் புத்தியில் ஒரு பொறி தட்டியது. கெட்ட பொறிதான், ஒப்புக்கொள்கிறேன். வீட்டு மின்சாரமே போய்விட்டால்? சத்தமில்லாமல் போய் வெந்நீர் ஹீட்டரைப் போட்டேன். வாஷிங் மெஷினைச் சும்மா சுற்ற விட்டேன். கடைசியாக இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் வைத்துவிட்டு, மெயின் சுவிட்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். விழு, விழு!

விழவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, இஸ்திரியா போடறீங்க?"

"ம்... ஆமா."

"அட, நானே சொல்லணும்னு இருந்தேன். நாளைக்குப் போட்டுக்கற என் உடுப்பு கட்டில் மேல இருக்கு. கழுத்துப் பக்கம் மட்டும் பாத்துப் போடுங்க. மெஷின் வேற சும்மா ஓடற மாதிரி சத்தம் கேக்குதே, அந்தப் போர்வையையும் உள்ள போட்டுடுங்க."

இஸ்திரி போட்டேன். கழுத்துப் பக்கம் பார்த்துப் போட்டேன். போர்வையைத் துவைத்துக் காயப்போட்டேன். வெந்நீர் வீணாகக்கூடாதே என்று குளித்தும் முடித்தேன்.

ஏழுக்குச் சற்று முன்னால், "முடிஞ்சிடுச்சு!" என்று அறையிலிருந்து கத்தினாள்.

பறந்தேன்! ஈரத் தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டே ஓடினேன். திரையில் மூன்றாவது மாடிச் சமையலறை பளபளத்தது. உள்ளபடியே அருமையாக இருந்தது. அலமாரிக் கதவில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து வழிந்தது.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம்! எழுந்துக்கோ!"

"பாக்கவே இல்லையே நீங்க. ஒப்புக்குச் சொல்றீங்க."

"பாத்தேம்மா! நல்லா பாத்தேன்!"

"அப்ப என்ன பாத்தீங்க, சொல்லுங்க."

பார்த்தேன் என்பதை நிரூபிக்க வேண்டும். சீக்கிரம் நிரூபிக்க வேண்டும். கண்ணில் பட்டதைப் பிடித்தேன். "அலமாரி அருமை. விளக்கு அருமை. அந்தக் கைப்பிடி மட்டும் கறுப்பா இருந்தா இன்னும் எடுப்பா இருந்திருக்கும். மத்தபடி..."

அவள் கண்கள் விரிந்தன. "கறுப்பா?"

"மத்தபடி வெள்ளையே ரொம்ப நல்லா..."

"அடடா! நானும் காலையிலேர்ந்து எதுவோ குறையுதே குறையுதேன்னு பாத்துட்டு இருக்கேன். கறுப்புதான்! உங்க கண்ணே கண்ணுங்க!"

டக் டக்கென்று இரண்டு தட்டு. கைப்பிடிகள் கறுத்தன. என் முகமும். இன்னொரு தட்டு. மூன்று விசிறிகளும் மறுபடி முழு வேகம் எடுத்தன. திரையின் ஓரத்தில் கோடு முதலிலிருந்து புறப்பட்டது.

பிஸ்கட் பாக்கெட்டுடன் அடுத்த அறைக்குப் போய், காயப்போட்டிருந்த போர்வையின் கீழே உட்கார்ந்து, மச்சினனுக்கு ஃபோன் போட்டேன். "சிஸ்டத்துல ஒரு வேலை ஓடுதுடா. நீங்க மூணு பேரும் ஆரம்பிங்க. முடிஞ்சதும் வந்துடறேன்." அவன் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரிலிருந்து மற்ற இருவரில் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது. தலைவன் இல்லாத படை! மூன்று பேர் நாலு பேரை எப்படி எதிர்ப்பார்கள்? பாவிகள் அழிந்தார்கள் என்றே நினைத்தேன். பிஸ்கட் தொண்டையில் இறங்கவில்லை. ஐந்தாறு மட்டும் இறங்கியது.

மறுபடி ஃபோன் அடித்ததும் எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

"மாமா! ஜெயிச்சுட்டோம் மாமா! இறுதிப் போட்டி!"

"என்னடா சொல்றே?" நான் எழுந்து அறைக்குள் ஓடினேன். மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன். "மூணு பேரா ஜெயிச்சீங்க?"

"ஆமா மாமா! நடுவுல யாரும் காணாமப் போகல. பின்னாடியிருந்து யாரும் 'தாக்குங்கடா'ன்னு கத்தல. நாங்க பாட்டுக்கு அமைதியா ஆடினோம், ஜெயிச்சுட்டோம்." கூச்சலுக்கு நடுவே அவன் கொஞ்சம் தயங்கினான். கணக்குப் பிரிவுக்காரர் 'கேளுப்பா, கேளு' என்று தூண்டிவிடுவது கேட்டது. "மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. அடுத்த சனிக்கிழமையும் அக்காவுக்கு வேலை ஏதாவது இருக்குமா?"

அவள் நாற்காலியைத் திருப்பாமலே சொன்னாள்.

"இருக்குன்னு சொல்லுங்க."